உருகாத பாலாடைக்கட்டியும் பருவக் காய்கறிகளும்



ஒருநாள் மனையியல் வகுப்பில் நாங்கள் இரு குழுக்களாகப் பிரிந்து சமைத்தோம். காய்கறிகளோடு பாலாடைக்கட்டியைத் தோசைக்கல்லில் வாட்டிப் பரிமாறுவதே அன்றைய பாடம். எங்கள் குழு இட்ட சீஸ் துண்டுகள் நொடியில் உருகி, கல்லில் ஒட்டிக் கருகின. மற்றக் குழுவினரின் பன்னீரோ உருக்குலையாமல் பொன்னிறமாயிற்று. கல்லைச் சுரண்டிக்கொண்டு வெட்கி நின்ற எங்களிடம் சகோதரி, "ஏன் இப்படி ஆயிற்று என்று கண்டறிந்து வாருங்கள்" என்றார். அவ்வாறு கண்டறிந்ததையே இங்கே எழுதுகிறோம்.

பாலிலுள்ள முக்கியப் புரதம் கேசீன். அதைப் பிணைத்து வைப்பதில் கால்சியத்திற்குப் பெரும்பங்கு உண்டு. செடார் போன்ற சீஸ் வகைகளில் நுண்ணுயிர்கள் மிதமான புளிப்பை உண்டாக்குகின்றன. அப்புளிப்பு கால்சியத்தில் ஒரு பகுதியைக் கரைத்துவிடுவதால் பிணைப்புத் தளர்ந்து, சூடு பட்டதும் கட்டி இளகி ஓடுகிறது. பன்னீர் அப்படியன்று. கொதிக்கும் பாலில் மற்றப் புரதங்களும் கேசீனோடு ஒட்டிக்கொள்கின்றன. எலுமிச்சைச் சாறு விட்டதும் யாவும் ஒன்றையொன்று பற்றி இறுகுகின்றன. எனவே சூடு பட்டால் நீர் வற்றுமே தவிர, பன்னீர் உருகாது.

இவ்வாறு உருகாத சீஸ் வேறு உண்டா என்று தேடியபோது, மத்தியதரைக் கடலிலுள்ள சைப்ரஸ் தீவின் 'ஹலூமி' பற்றி அறிந்தோம். செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றின் பாலிலும், இக்காலத்தில் பசும்பால் கலந்தும் இதைச் செய்கின்றனர். புளிப்பு ஏறவிடாமல், ரென்னெட் என்னும் நொதியால் பாலைத் திரிய வைத்து, அக்கட்டியை அதிலிருந்து பிரிந்த நீரிலேயே 90 பாகை செல்சியசுக்கு மேல் வேகவைக்கின்றனர். பின்பு உப்பும் புதினாவும் சேர்த்து மடிக்கின்றனர். புளிப்பு ஏறாததால் கால்சியப் பிணைப்புத் தளர்வதில்லை. பன்னீர் புளிப்பால் பெற்ற உறுதியை, ஹலூமி புளிப்பைத் தவிர்த்துப் பெறுகிறது!

1974 முதல் பிளவுபட்டுக் கிடக்கும் அத்தீவில் கிரேக்க மொழியினர் 'ஹலூமி' என்பதைத் துருக்கிய மொழியினர் 'ஹெல்லிம்' என்பர். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இரு பெயர்களையும் சேர்த்தே பதிவு செய்தது.

இனிச் செய்முறை. நால்வருக்கு 200 கிராம் ஹலூமி அல்லது பன்னீர் போதும்.

1. கட்டியை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் நறுக்கி, துணியால் ஈரம் ஒற்றவும். ஈரம் இருந்தால் ஆவி கிளம்பி, சிவப்பது தாமதமாகும்.

2. கத்தரிக்காய், குடைமிளகாய், தக்காளி என அந்தந்தப் பருவத்தில் மிகுதியாக விளையும் காய்களை வாங்கவும். அவை புதியனவாகவும் மலிவாகவும் இருக்கும். நறுக்கி, எண்ணெய் தடவி, முதலில் இவற்றை வாட்டி எடுக்கவும்.

3. பிறகு கட்டித் துண்டுகளைச் சூடான கல்லில் இட்டு, பக்கத்திற்கு இரண்டு நிமிடம் அசைக்காமல் விடவும். அடிப்பக்கம் சிவந்தபின் திருப்பவும்.

4. எலுமிச்சைச் சாறு, மிளகுத்தூள், புதினா தூவிச் சூடாகவே பரிமாறவும்.

ஹலூமியில் உப்பு மிகுதி. மேலும் உப்பிட வேண்டாம். இரத்த அழுத்தமுள்ள பெரியவர்களுக்கு உப்பில்லாத பன்னீரே நன்று. சில ரென்னெட் வகைகள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவதால், சைவ உணவினர் உறையில் எழுதியுள்ளதைப் படித்து வாங்க வேண்டும்.

அடுத்த வாரம் அதே கல்லில் மீண்டும் சமைத்தோம். ஒரு துண்டுகூட ஒட்டவில்லை. அன்று கருகிய துண்டுகளே எங்களுக்கு இப்பாடத்தைக் கற்பித்தன. தோழியரே, அடுக்களையில் தவறு நேர்ந்தால் மனம் தளராதீர்கள். 'ஏன்' என்று கேளுங்கள்!