கூட்டுப் பட்டறையில் உருவாகும் உழவுக் கருவிகள்

கலப்பையின் கொழுவைத் தம் மண்ணுக்கு ஏற்றபடி வளைத்தும், களைக்கொத்தியின் பல்லை மாற்றியும் பயன்படுத்தும் உழவர் ஒருவராவது ஒவ்வோர் ஊரிலும் இருப்பார். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து வியப்பார்கள். ஆனால் அளவை எவரும் குறித்துக்கொள்வதில்லை. அவர் காலத்துக்குப் பின் அந்தக் கருவி பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. செய்முறையும் அதோடு மறைந்துவிடுகிறது.

இந்த இழப்பைத் தடுக்கும் பழக்கம் ஒன்று வெளிநாட்டு நகரங்களில் உள்ள 'ஹேக்கர்ஸ்பேஸ்' என்னும் பொதுப் பட்டறைகளில் இருக்கிறது. ஹேக்கர் என்றதும் கணினியில் புகுந்து திருடுபவர் என்று எண்ண வேண்டாம். ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்து, அது இயங்கும் விதத்தை அறிந்து, தம் தேவைக்கேற்ப மாற்றுபவரையும் அச்சொல் குறிக்கும். பெர்லின் நகரில் 1995-இல் தொடங்கிய 'சி-பேஸ்', அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2007-இல் தொடங்கிய 'நாய்ஸ்பிரிட்ஜ்' ஆகியவை இவற்றுள் பெயர் பெற்றவை. சந்தாவும் நன்கொடையும் இடத்தை நடத்துகின்றன. கருவிகள் எல்லோருக்கும் பொது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தருகிறார், செய்ததை மறைப்பதில்லை.

கணினிக்காரர்களின் பழக்கம் கழனிக்கு உதவுமா என்று கேட்பீர்கள். பிரான்சு நாட்டு உழவர்களின் அனுபவத்தைப் பாருங்கள்.

பிரான்சின் தென்கிழக்கில் உள்ள ஈசேர் பகுதியில் இயற்கை முறையில் காய்கறி பயிரிடும் சிறு விவசாயிகள் சிலர் நிரந்தர மேட்டுப்பாத்தி முறையைக் கையாண்டனர். இம்முறையில் டிராக்டர் சக்கரம் ஆண்டுதோறும் ஒரே தடத்தில்தான் செல்லும். அதனால் பாத்தியின் மண் இறுகுவதில்லை. ஆனால் இதற்குப் பொருத்தமான கருவிகள் கடையில் எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் தாமே இரும்பை வெட்டிப் பற்றவைத்துக்கொண்டனர். 2009-இல் தொடங்கிய முயற்சியில், பண்ணை பண்ணையாகச் சென்று இத்தகைய கருவிகளை அளந்து, படம் எடுத்து, வரைபடமாக்கும் வேலை நடந்தது. 2014-இல் அது 'லத்லியே பேய்சான்', அதாவது உழவர் பட்டறை, என்ற கூட்டுறவு அமைப்பாயிற்று. வரைபடங்களை யாரும் இலவசமாகப் பெறலாம். இரும்புக்கு மட்டும் அவரவர் பணம் தர வேண்டும்.

சில நாள் பயிற்சியில் வெட்டுதல், துளையிடுதல், பற்றவைத்தல் ஆகியவற்றைக் கற்றுக்கொண்டே உழவர் தமக்கான கருவியைச் செய்து முடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அவர்கள் பரப்பிய முக்கோண இணைப்புச் சட்டம் நல்ல எடுத்துக்காட்டு. ஒரு முக்கோணம் டிராக்டரின் பின்புறமும், அது பொருந்தும் மற்றொன்று கருவியிலும் இருக்கும். இதனால் இருக்கையை விட்டு இறங்காமலே கருவியை மாட்டலாம், கழற்றலாம். ஒருவரே வேலை பார்க்கும் பண்ணையில் இதன் அருமை தெரியும்.

என் கருத்தில், பெரிய பலன் பருவத்தில்தான் கிடைக்கிறது. விதைப்பு ஈரம் காய்ந்துகொண்டிருக்கும்போது கருவி முறிந்தால், தானே செய்தவர் அன்றே சரிசெய்துவிடுவார். மற்றவர் உதிரிப் பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் நாமே செய்ய முனைவது வீண். பேரிங், கியர் பெட்டி போன்றவற்றை விலைக்கு வாங்குவதே நல்லது. சட்டம், கொழு, கொத்து, இணைப்பு இவை நம் கைக்கு அடங்கும்.

தொடங்குவது எப்படி?

ஐந்தாறு உழவர்கள் சேர்ந்தால் போதும். ஒரு கொட்டகை, வெல்டிங் இயந்திரம், துளையிடும் இயந்திரம், அறுக்கும் இயந்திரம், ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். உங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர் இதைத் தம் பிழைப்புக்குப் போட்டியாகக் கருதக்கூடும். அவரையே சம்பளம் கொடுத்து ஆசிரியராக அமர்த்திக்கொள்ளுங்கள்.

முகக் கவசமும் கையுறையும் இன்றிப் பற்றவைக்கக் கூடாது. துத்தநாகம் பூசிய குழாயைச் சூடாக்கினால் வரும் புகை காய்ச்சலை உண்டாக்கும். எண்ணெய் இருந்த பீப்பாய், காலியானாலும் வெடிக்கும். அதில் வெல்டிங் வைக்கவே கூடாது.

நோட்டில் கருவியின் அளவு, இரும்பின் கனம், ஆன செலவு, செய்தவர் பெயர் ஆகியவற்றைக் குறியுங்கள். கேட்பவர் அடுத்த ஊராரானாலும் நகல் எடுக்கக் கொடுங்கள். தோற்றுப்போன முயற்சியையும் எழுத வேண்டும். வளைந்துபோன கொழுவைத் தூக்கி எறியாமல், எந்த மண்ணில், எந்த ஈரத்தில் வளைந்தது என்று எழுதிய சீட்டுடன் கொட்டகைச் சுவரில் மாட்டி வையுங்கள்.