வயலிற் கொட்டில் அமைக்குமுன் உத்தரவு பெறுக

சூடடித்த நெல்லை மழையினின்று காக்கவும், உரமும் கருவிகளும் வைக்கவும் கமக்காரர் தம் காணியிற் கொட்டில் போடுவதுண்டு. காணி தம்முடையது, கொட்டில் கிடுகாலானது, ஆகையால் உத்தரவு வேண்டியதில்லை என எண்ணுதல் தவறாகும்.

1. நெற்காணி: 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதலும் அதிற் கட்டடம் அமைத்தலும் குற்றமாகும். ஓரிடத்தில் மண்ணிட்டு உயர்த்தினால், வடிந்தோட வேண்டிய மாரிவெள்ளம் தடைப்பட்டு, மேல்வயலில் தேங்கி, அயலவரின் பயிரை அழுகச் செய்யும்.

2. மேட்டுக்காணி: 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குடிசையையும் கொட்டிலையும் கட்டடமென்றே கொள்கின்றது. எனவே பிரதேச சபையில் முன்னரே விசாரித்தல் வேண்டும்.

செய்ய வேண்டியவை:

(அ) இயன்றவரை மேட்டுக்காணியையே தெரிவு செய்க.

(ஆ) காணியின் எல்லை, வாய்க்கால், கொட்டிலின் நீள அகலம் ஆகியவற்றைக் காட்டும் படமொன்று வரைக.

(இ) கூரை எதனாலானது, கொட்டில் எத்தனை மாதத்திற்குத் தேவை என்பவற்றை விண்ணப்பத்தில் எழுதுக.

(ஈ) வயலாயின், கமநல சேவை நிலையத்தில் முதலிற் கேட்டறிக.

வாய்ச்சொல் அனுமதியாகாது. விடை எழுத்தில் வருமுன் ஒரு கூடை மண்ணும் இடற்க.