எந்த வியாஜ்யம் எந்த நீதிமன்றத்துக்கு உரியது?

ஓர் ஊர்ப் பெரியவர் அடுத்த ஊர் வழக்கில் தாமே புகுந்து தீர்ப்புச் சொன்னால் அதைக் கேட்பார் இல்லை. நீதிமன்றங்களின் நிலையும் அதுவே. நீதிபதி எவ்வளவு கற்றவராயினும், தமக்கு உரிய இடத்துக்கும் தமக்கு உரிய விஷயத்துக்கும் அப்பால் அவருடைய ஆணை செல்லாது. இவ்வரம்புக்கே அதிகார எல்லை என்று பெயர். மலையிலிருந்து இறங்கி வருவோர் இதை அறியாது தவறான கோர்ட்டில் பிராது கொடுத்தால், வழிச்செலவும் வக்கீல் செலவும் வீணாவதோடு காலமும் கழிந்துவிடும்.

ஜவ்வாது மலையினர் இதைப் பெருந்துயரத்தினூடே கண்டதும் உண்டு. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திர மாநிலத்துச் சேஷாசலம் வனத்தில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்த ஏழைகள். சடலங்களை மறுபடியும் பரிசோதிக்க வேண்டுமென்று மாண்டவர் ஒருவரின் மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தை அடைந்தார். அப்போது ஆறு சடலங்கள் திருவண்ணாமலையில் இருந்தன. சம்பவம் நிகழ்ந்த இடமோ ஆந்திரம். சடலங்களைப் பாதுகாத்து வைக்கும்படி ஆணையிட்ட சென்னை நீதிமன்றம், மறுபரிசோதனைக்கு ஹைதராபாத் உயர் நீதிமன்றத்தையே நாடும்படி கூறிற்று. அந்நாளில் ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் அதுவே பொது நீதிமன்றம். பின்னர் அதன் ஆணைப்படியே மறுபரிசோதனை நடைபெற்றது. கணவனை இழந்து நிற்பவள் மொழி தெரியாத ஊருக்குப் போய் வழக்காடுவது எளிதன்று. ஆயினும் குற்றம் எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் சாதாரணமாக விசாரணை என்பது சட்டத்தின் பழைய விதி. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 197ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகிறது. ஆனால் பிடித்து விசாரிக்கத் தக்க குற்றத்தைப் பற்றிய முதல் தகவலை எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். "எங்கள் எல்லை அன்று" என்று சொல்லித் திருப்பியனுப்ப 173ஆம் பிரிவு இடந்தரவில்லை.

நிற்க. நில வழக்குகளில் விதி இன்னும் திட்டமானது. 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, நிலம் எங்கே உள்ளதோ அங்குள்ள கோர்ட்டிலேயே தாவா செய்யவேண்டும். உடையவர் எங்கே குடியிருக்கிறார் என்பது பொருட்டன்று. இது ஜவ்வாது மலையில் விசேஷமாகக் கவனிக்கத் தக்கது. 1989 வரை இம்மலைப்பகுதி வட ஆற்காடு ஜில்லாவுக்குள் அடங்கியிருந்தது. அவ்வாண்டு திருவண்ணாமலையும், 2019இல் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. இன்று ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டத்தையும், புதூர்நாடு திருப்பத்தூர் மாவட்டத்தையும், பீஞ்சமந்தை வேலூர் மாவட்டத்தையும் சேர்ந்தவை. ஒரே நிலம் இரண்டு கோர்ட்டுகளின் எல்லைக்குள் கிடக்குமாயின், 17ஆம் பிரிவின்படி இரண்டில் எதிலும் தாவா செய்யலாம். கடன், ஒப்பந்தம் முதலிய பிற தாவாக்களைப் பிரதிவாதி வசிக்கும் இடத்திலேனும், விவகாரம் உண்டான இடத்திலேனும் தொடுக்கலாம். இட எல்லையைப் பற்றிய ஆட்சேபத்தைப் பிரதிவாதி தொடக்கத்திலேயே சொல்லவேண்டும். தோற்றபின் சொல்லிப் பயனில்லை.

விஷய எல்லையோ அவ்வாறன்று. ஒரு விஷயத்தில் அதிகாரமே இல்லாத கோர்ட்டுக்கு இரு கட்சியாரும் சேர்ந்து சம்மதித்தாலும் அதிகாரம் வந்துவிடாது. 1954இல் கிரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதனைத் தெளிவாக்கியது.

சங்க அங்கத்தினர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். 1983ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி, சங்கத்தின் அமைப்பு, நிர்வாகம், தொழில் ஆகியவை பற்றிச் சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் நேரும் தகராறு பதிவாளரிடமே செல்லவேண்டும். அவர் முடிவின்மேல் அப்பீல் கூட்டுறவுத் தீர்ப்பாயத்துக்கு உண்டு. முன்சீப் கோர்ட்டை 156ஆம் பிரிவு தடுக்கிறது. எனவே கடன் கணக்கில் தவணை வரவு வைக்கப்படவில்லை என்று குறை கூறும் அங்கத்தினர் முன்சீப் கோர்ட்டுக்கு ஓடலாகாது. ஆனால் மலைச் சங்கத்திடம் புளியோ தேனோ கொள்முதல் செய்து பணம் தராத வெளியூர் வியாபாரி அங்கத்தினர் அல்லர். அவர்மீது சிவில் கோர்ட்டிலேயே தாவா செய்யவேண்டும். குமாஸ்தா சங்கப் பணத்தைக் கையாடினாலோ, போலீசுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் உரிய குற்றம் ஒருபுறம். அந்த நஷ்டத்தை அவரிடமிருந்து வசூலிக்க 87ஆம் பிரிவு விசாரணை மறுபுறம். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை.

ஊர்ப் பஞ்சாயத்தார் சமரசம் செய்துவைப்பது நல்லதே. அபராதம் விதிக்கவோ ஒருவரை ஊரை விட்டுத் தள்ளவோ அவர்களுக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. கட்டப் பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று 2011இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது.

தவறி வேறு கோர்ட்டில் பிராது கொடுத்துவிட்டவர் மனமுடைய வேண்டுவதில்லை. கோர்ட்டார் அதைத் திருப்பித் தருவர். உரிய இடத்தில் மறுபடி தாக்கல் செய்யலாம். நல்லெண்ணத்தோடும் கவனத்தோடும் நடத்தியிருந்தால், அங்கே கழிந்த நாட்களை 1963ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி தள்ளிக் கணக்கிடுவர். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி பெற 1987ஆம் வருஷத்துச் சட்டம் உரிமை தந்துள்ளது. தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்தால், எந்தக் கோர்ட்டு என்பதை வக்கீல் ஒருவரிடமே கேட்டறிந்து, அதன்பின் பிராது எழுதலாம்.