உப்புக் கணக்கும் கொழுந்துக் கணக்கும்



"பிஸ்னஸ் பெர்போமன்ஸ் அனலிஸ்ட்" என்று வேலை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். தமிழில் வியாபாரச் செயற்திறன் ஆய்வாளர். பேருதான் பெரிசு. எவ்வளவு என்று கணக்கப்பிள்ளை எழுதுவார்; ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று இவர் கண்டுபிடித்துச் சொல்வார்.

இம்முறை ஆனையிறவு உப்பளத்தை வைத்து இதைப் படிப்போம். 1977, 1983 கலவரங்களுக்குப் பின் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய நம்ம சொந்தக்காரருக்குத் தெரிஞ்ச இடம். களப்பு நீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் வற்ற விடுவார்கள். நீரின் கனம் போமே அளவில் சுமார் 25 பாகையைத் தொட்டால்தான் உப்பு படியும். போரினால் 1990 இல் வேலை நின்றது. 2025 மார்ச்சில் அங்கே மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதே ஆண்டு மழையால் நாட்டில் உப்பு தட்டுப்பட்டு, இந்தியாவிலிருந்து இறக்க வேண்டி வந்தது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு மாதம் 20 பேர் 25 நாள் உப்பு வாரி 250 தொன் சேர்த்தார்கள். அடுத்த மாதம் அதே 20 பேர், 150 தொன்தான். "ஆளுக சோம்பேறி ஆயிட்டாங்க" என்று மேலே ஒருவர் சொல்வார். ஆய்வாளர் முதலில் நாளைக் கேட்பார். மழையால் 15 நாள்தான் வாரியிருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள்: இரண்டு மாதமும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 கிலோ. ஆள் மேல் குற்றமே இல்லை. இந்த வகுத்தலைச் செய்ய ஆளில்லாவிட்டால் யாருடைய சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நம்ம மலையிலும் இதே கதைதான். 2021 இல் இலங்கையில் சுமார் 30 கோடி கிலோ தேயிலை; 2022 இல் சுமார் 25 கோடி. கொழுந்து எடுக்கிற கை மெலிந்து போகவில்லை. 2021 இல் இரசாயன உரத்தின் இறக்குமதியைத் தடுத்தார்கள், செடி காய்ந்தது.

இதற்கு என்ன படிக்கலாம்? சாதாரண தரத்தில் கணிதத்தை விட்டுவிடாதீர்கள். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முகாமைத்துவ பீடம், வவுனியாப் பல்கலைக்கழக வணிகக் கற்கைகள் பீடம். பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு ஏஏடி, சீமா பரீட்சைகள் உண்டு. கண்டி, யாழ்ப்பாணம் உயர் தொழில்நுட்ப நிறுவகங்களில் கணக்கியல் உயர் டிப்ளோமாவும் உண்டு. எக்செல் கட்டாயம், இங்கிலீசும் வேணும். ஆனால் கம்பியூட்டர் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களை நான் நம்புவதில்லை. பாத்தியில் இறங்காதவனுக்கு உப்புக் கணக்கு பிடிபடாது.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி: அம்மாவின் மூன்று மாதக் கொழுந்து நிறையை எடுங்கள். வேலை செய்த நாளால் வகுங்கள். மழை நாள், அரைப்பேர் விழுந்த நாள், எந்த நம்பர் மலை என்பதைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். குறைந்த மாதம் ஏன் குறைந்தது என்று அம்மாவிடமே கேட்டு எழுதுங்கள்.