ஆங்கில அருஞ்சொல் கற்றல்: மேலப்பாளையத்திலிருந்து சில குறிப்புகள்

ஆங்கிலத்தின் அருஞ்சொற்களை அகரவரிசைப் பட்டியலாக உருப்போடுபவர் தேர்வு முடிந்ததும் அவற்றில் பலவற்றை மறந்துவிடுகிறார். முன்பே அறிந்த ஒன்றோடு பிணைத்துக் கற்பவரிடமோ அவை நிலைத்து நிற்கின்றன. பாளையங்கோட்டையை அடுத்த மேலப்பாளையத்தில் இந்த முன்னறிவுக்குத் தனி வாய்ப்பு உண்டு. மக்தபில், அதாவது பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பிக்கும் பள்ளியில், அரபு எழுத்தறிந்து வளர்ந்தவர்கள் இவ்வூரில் மிகுதி. அவர்கள் அறிந்த ‘சஃபர்’ என்னும் பயணம் சுவாஹிலி வழியாகச் சென்று ஆங்கிலத்தில் ‘சஃபாரி’ ஆனது. பண்டகசாலையைக் குறிக்கும் ‘மக்ஸன்’ ஐரோப்பிய மொழிகளைக் கடந்து ‘மேகஸின்’ ஆகி, வெடிமருந்துக் கிடங்கையும், 1731-இல் லண்டனில் ‘ஜென்டில்மன்ஸ் மேகஸின்’ தோன்றிய பின் பல்சுவை இதழையும் சுட்டலாயிற்று. ‘ஸிஃப்ர்’ என்ற வெறுமையோ ‘ஜீரோ’ என்றும், மறைகுறியீட்டைச் சொல்லும் ‘சைஃபர்’ என்றும் இரண்டாகக் கிளைத்தது.

அரபு துணைவராத இடங்களில் லத்தீன் வேர்கள் உதவுகின்றன. பேசுதலைக் குறிக்கும் ‘லோக்வி’ என்ற ஒரு வினையை அறிந்தால், ஓயாது பேசும் இயல்பான ‘லொக்வேஷியஸ்’, நாவன்மையான ‘எலக்வன்ட்’, பேச்சுவழக்கான ‘கலோக்வியல்’, நாடகத் தனிமொழியான ‘சலிலக்வி’ ஆகிய நான்கும் ஒரே குடும்பமாகக் கைக்கு வந்துவிடும். எனினும் ஒலியொப்புமையை மட்டும் நம்புவது ஆபத்து: ‘எனர்ஜி’யின் உறவுபோலத் தோன்றும் ‘எனர்வேட்’ ஊக்கம் தருவதையன்று, வலுவை வடியச் செய்வதையே குறிக்கும். ஐயம் எழுந்தால் சொற்பிறப்பும் தரும் நல்ல அகராதியைப் புரட்டுவதே தக்கது. சொல்லுக்கு ஒரு பொருள் மட்டும் தரும் தேர்வுக் கையேடுகள் இவ்வகையில் பெரிதும் பயன்படுவதில்லை.

இவற்றினும் பயன்மிக்க பயிற்சி, தாம் நேரில் அறிந்த நிகழ்வை ஆங்கில நாளேட்டில் படிப்பதாகும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த மழையால் தாமிரபரணி கரைபுரண்டதையும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் சிக்கிக்கொண்டதையும் அறிந்த ஒருவருக்கு, நீர் சூழ்ந்து மூழ்கடிப்பதைச் சொல்லும் ‘இனன்டேட்’, குளக்கரை உடைப்பைச் சொல்லும் ‘பிரீச்’, வழியின்றித் தவிப்பதைச் சொல்லும் ‘ஸ்ட்ராண்டட்’ ஆகியவை அகராதியின்றியே விளங்கும். எச்சொல் எதனோடு சேரும் என்பதும் அங்கேதான் தெரியவரும்: தமிழில் மழை ‘பலத்த’தாகப் பெய்வதால் மாணவர் ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று எழுதிவிடுகிறார், ஆங்கிலத்திலோ அது ‘ஹெவி ரெயின்’. ஆகவே குறிப்பேட்டில் சொல்லைத் தனியே எழுதாமல், அது வந்த தொடரோடு எழுதிவைப்பது நன்று.