தொட்டியில் சூடேற்றிப் பார்க்கும் முருகைகள்

முருகைக்கல் என்றதும் சுண்ணாம்புச் சூளையும் பழைய வீட்டுச் சுவர்களுமே எம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தக் கல்லைக் கட்டியவை உயிருள்ள சிறு பிராணிகள். கடல்நீரிலுள்ள கல்சியத்தை எடுத்துக் கல்சியம் காபனேற்றாகப் படியவைத்து இவை தமக்கு வீடு கட்டுகின்றன. இவற்றின் இழையத்துள் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. பிராணி இடங்கொடுக்கிறது, அல்கா சூரிய ஒளியில் உணவு தயாரித்து அதன் பெரும்பங்கை வாடகையாகக் கொடுக்கிறது. முருகையின் நிறமும் பெரும்பாலும் இந்தக் குடியிருப்பாளருடையதே.

நீர் அளவுக்கு மேல் சூடாகும்போது அல்காவின் ஒளித்தொகுப்புக் குழம்பி, நச்சுத்தன்மையான ஒட்சிசன் சேர்வைகள் உண்டாகின்றன. அப்போது முருகை அல்காவை இழக்க, உள்ளேயிருக்கும் வெள்ளைக் கல் வெளியே தெரிகிறது. இதுவே வெளிறல். ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் சராசரியைவிட 1 பாகை செல்சியஸ் கூடி, அது சில வாரம் நீடித்தாலே போதும். வெளிறிய முருகை உடனே செத்துவிடுவதில்லை. சூடு விரைவில் தணிந்தால் மீளும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் முருகைத் தொடரிலும் பெருந்தொகையான முருகைகள் இவ்வாறு அழிந்தன.

எல்லா முருகையும் ஒரேயளவு சூட்டில் வெளிறுவதில்லை. எது தாங்கும், எது தாங்காது என்று கடலில் பார்த்துச் சொல்வது கடினம். அங்கே சூடு, வெயில், நீரோட்டம், கலங்கல் எல்லாம் ஒன்றாகவே மாறுகின்றன. ஆகவேதான் தொட்டி. ஒரே முருகையிலிருந்து சிறு கிளைகளை முறித்து வெவ்வேறு தொட்டிகளில் இடுவர். ஒரு தொட்டி வழமையான வெப்பநிலையில் இருக்கும், மற்றவை சூடேற்றப்படும். ஒளியும் நீரோட்டமும் எல்லாவற்றிலும் ஒன்றே. சூடேற்றாத அந்த ஒரு தொட்டியைப் பலர் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால், கிளை வெளிறியது சூட்டினாலா முறித்த காயத்தினாலா என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்க சமோவாவின் ஓஃபு தீவில் செய்த பரிசோதனை இதற்கு நல்ல உதாரணம். அங்கே கரையோரத்தில் அருகருகே இரு குளங்கள் உள்ளன. வற்றின்போது ஒன்றில் நீர் ஏறத்தாழ 35 பாகை வரை சூடாகும். மற்றதில் 32 பாகையைத் தாண்டுவது அரிது. ஸ்டீபன் பலும்பியும் குழுவினரும் இரு குளத்து முருகைகளையும் தொட்டியில் இட்டு 34 பாகை வரை சூடேற்றினர். சூட்டுக் குளத்து முருகைகளே கூடுதலான பச்சையத்தைக் காத்துக்கொண்டன. பிறவிக் குணமா, பழக்கமா? குளிர்ந்த குளத்து முருகைகளைச் சூட்டுக் குளத்தில் ஓராண்டுக்கு மேல் நட்டுவைத்து மறுபடியும் சோதித்தார்கள். அவற்றின் தாங்கும் சக்தி கூடியிருந்தது. ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவற்றின் அளவுக்கு வரவில்லை. ஆகவே இரண்டுக்கும் பங்குண்டு என்று 2014இல் அறிவித்தனர்.

முன்பு இத்தகைய சோதனைகளுக்கு வாரக்கணக்காகும். 2020இல் வெளியான ஒரு முறை 18 மணித்தியாலத்தில் முடிகிறது. படகில் கொண்டுசெல்லக்கூடிய சிறு தொட்டிகளில் உள்ளூரின் கோடை வெப்பநிலையையும், அதற்கு மேல் 3, 6, 9 பாகைகளையும் சில மணிநேரம் கொடுத்து, பின் தணித்து, இரவு முழுவதும் விட்டு அளப்பார்கள். ஒளித்தொகுப்புத் திறன் பாதியாகக் குறையும் வெப்பநிலையே அந்த முருகையின் புள்ளி. செங்கடலில் இதனை 21 நாள் சோதனையோடு ஒப்பிட்டபோது, எவ்விடத்து முருகை கூடுதலாகத் தாங்கும் என்பதில் இரண்டும் ஒத்துப்போயின.

இருந்தாலும் ஒருநாட் சூட்டில் தப்பிய கிளை இரண்டு மாதச் சூட்டிலும் தப்பும் என்று எழுதிக்கொடுக்க முடியாது. தொட்டி தருவது வரிசை மட்டுமே. அழிந்த இடத்தில் மீள நடுவதற்கு எந்த முருகையிலிருந்து துண்டு எடுக்கலாம் என்று தெரிவுசெய்ய அந்த வரிசை உதவும். செங்கடலின் வரிசையை அப்படியே இங்கு கொண்டுவரவும் இயலாது. 3 பாகை கூட்டுவது என்றால் எதனோடு கூட்டுவது? அந்தந்தக் கரையின் கோடைச் சராசரியோடுதான். அதற்குச் செய்மதி அளவீடு கிடைக்கிறது; ஆழங்குறைந்த களப்போர முருகைகளுக்கோ நீருக்குள் வைத்த வெப்பமானியே நம்பகமானது.