பேப்பர் கப்பில் வந்த காபி

கேள்வி: எனக்கு வயது 46. இரண்டு வருடத்துக்கு முன் இடது மார்பில் கட்டி வந்து ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைத்தது எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது தினம் ஒரு மாத்திரை மட்டும்தான். சமையல், மாடு, கடைக்கணக்கு எல்லாம் நானே பார்க்கிறேன். போன மாதம் பெரிய நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. வளையல் போட எழுந்தேன். "நீ உட்காரும்மா, உனக்கெதுக்குச் சிரமம்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். எல்லோருக்கும் டம்ளரில் காபி, எனக்கு மட்டும் பேப்பர் கப். என் மகளுக்கு வரன் பார்க்கிறோம்; "இந்த வியாதி வெளியே தெரிய வேண்டாம்" என்கிறார் மாமியார். மறைப்பது சரியா டாக்டர்? என் மகளுக்கும் இது வருமா?

பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் அந்த பேப்பர் கப். புற்றுநோய் எச்சிலால், மூச்சால், தொடுவதால் ஒட்டாது. உங்களுக்கு வைத்த கரண்ட்டும் மெஷினை அணைத்த நொடியோடு முடிந்தது, உடம்பில் எதுவும் தங்காது. தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர்கள் போன்ற சிலர்தான் சில நாள் ஒதுங்கியிருக்க வேண்டும். உங்களுக்கு அது பொருந்தாது. இதை நாத்தனாரிடம் கோபமில்லாமல், ஆனால் நேராகச் சொல்லுங்கள். அவர் செய்தது கெட்ட எண்ணத்தால் என்று நான் நினைக்கவில்லை. பயந்திருக்கிறார்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? ஒரு தெருவில் புற்றுநோயால் யார் இறந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். யார் பிழைத்தார்கள் என்பது தெரியாது, ஏனென்றால் பிழைத்தவர்கள் "கர்ப்பப்பையை எடுத்தாங்க", "சின்னக் கட்டி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்னிடம் பதினோரு வருடமாகச் செக்கப்புக்கு வரும் ஓர் அம்மா, ஃபைலை மஞ்சள் பையில் வைத்து அதன்மேல் கீரைக்கட்டைப் பரப்பி எடுத்து வருவார். பஸ்ஸில் ஊர்க்காரர்கள் கேட்டால் சந்தைக்குப் போவதாகச் சொல்வாராம். அவர் நன்றாக இருக்கிறார். ஆனால் அவர் ஊருக்கு அது தெரியாது. சாவு மட்டுமே கண்ணில் பட்டால், புற்றுநோய் என்றாலே சாவு என்றுதானே ஊர் நினைக்கும்?

இந்த நினைப்பு பழையது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். சாகப்போகிறவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்ற எதிர்ப்பைத் தாண்டித்தான் 1954ல் அடையாறில் 12 படுக்கையோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1982ல் வந்த 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' இரண்டு படங்களிலும் நாயகனுக்குப் புற்றுநோய் என்றதுமே முடிவு தெரிந்துவிடும். பிறகு நடிகை கௌதமி தனக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததை வெளிப்படையாகப் பேசினார். யுவராஜ் சிங் கீமோ முடித்து 2012லேயே இந்திய அணிக்காக மறுபடி மட்டை பிடித்தார். வாழ்ந்து காட்டியவர்களை ஜனங்கள் கண்ணால் பார்த்தது இப்படித்தான்.

மருந்தும் மாறிவிட்டது. சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுக்கு 2001ல் இமாடினிப் மாத்திரை வந்தபின், அதைத் தினம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து வாழ்கிறவர்கள் ஏராளம். நீங்கள் சாப்பிடும் மாத்திரை ஹார்மோன் மாத்திரையாக இருக்கும். அதை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் தருவோம். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். நோய் மீண்டும் வராமல் காப்பதற்குத்தான் அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். "புற்றுநோயை வென்றவர்" என்று மேடையில் பாராட்டுவது எனக்கு முழுச் சம்மதமில்லை. நோய் முழுக்கப் போகாமல், மருந்தால் அடங்கியிருக்க, அதோடு வருடக்கணக்கில் வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் அவர்கள் தோற்றவர்களா?

இனி உங்கள் மகள். மார்பகப் புற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் பரம்பரை மரபணுவால் வருவது. ஆனால் உங்களுக்கு 44 வயதிலேயே வந்ததால், மரபணுச் சோதனை தேவையா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பரம்பரை மாற்றம் இருந்தால் இன்னும் முன்பே தொடங்க வேண்டியிருக்கும்; இல்லாவிட்டாலும், உங்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, அதாவது 34 வாக்கில், மகள் மார்பகப் பரிசோதனையைத் தொடங்குவது நல்லது. அதற்கு அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அவளிடம் மறைக்கவே கூடாது.

தெருவுக்கெல்லாம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒன்றிரண்டு வரன் தட்டிப்போகலாம், பொய் சொல்லி உங்களைத் தேற்ற மாட்டேன். ஆனால் மறைத்துக் கல்யாணம் செய்தால், அந்த ரகசியத்தை உங்கள் மகள் புகுந்த வீட்டில் தனியாகச் சுமப்பாள். உங்கள் செக்கப்புக்குத் துணைக்கு வரக்கூட அவள் காரணம் தேட வேண்டியிருக்கும்.

நாத்தனார் மகளுக்குப் பிரசவம் ஆனதும் முதல் ஆளாகப் போய்ப் பிள்ளையைக் கையில் வாங்குங்கள். அடுத்த வளைகாப்பில் வளையலும் போடுங்கள், போட்டுக்கொள்ளவும் செய்யுங்கள். அக்குளில் நெறிகளை எடுத்திருந்தால் இடது கைக்கு மட்டும் இறுக்கமான வளையல் வேண்டாம், கை வீங்கலாம். வலது கை நிறைய அடுக்கிக்கொள்ளலாம்.